வாடின அரளி

எங்க கொல்லையில ஒரு மஞ்சரளி மரம் நிக்குது. மாட்டுக்கொட்டாய்க்கும் வாய்க்காலுக்கும் நடுவுல. செடின்னு சொல்ல முடியாது, கொட்டாய்க் கூரைக்கு மேல போயிட்டுது. மணி தொங்குற மாதிரி மஞ்சப்பூ பூக்கும். வெள்ளிக்கிழமையானா அம்மா பறிச்சு சாமி படத்துக்கு வைக்கும். கிள்ளுனா பால் வரும், அந்தப் பால் கையில பட்டா கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும்னு சின்னப் புள்ளையிலேருந்து சொல்லியிருக்கு. அவ்வளவுதான் எனக்கு அந்த மரத்தப் பத்தித் தெரியும்.

அம்மா செத்து ரெண்டு மாசம்கூட ஆகல, அந்த மரத்தால செவலையும் செத்துப் போச்சு. மரத்தாலன்னு சொல்றேன் பாருங்க. என்னாலதான்.

செவலை எங்க மாடு. அம்மா கன்னுக்குட்டியா வாங்கிட்டு வந்து வளத்தது. எனக்குச் சோறு போட மறந்தாலும் அதுக்குக் கழனித்தண்ணி வைக்க மறக்காது. "வாடி எங்காத்தா"ன்னு கூப்புட்டா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேஞ்சாலும் தலையத் தூக்கும். நான் கூப்புட்டா காத ஆட்டும், அவ்வளவுதான். "பாத்தியா, நீ சும்மா கூப்புடுறன்னு அதுக்குத் தெரியுது"ன்னு அம்மா சிரிக்கும்.

அம்மாவுக்குக் கூட்டுறதுல ஒரு பைத்தியம். வாசக் கூட்டும், வீடு கூட்டும், அதோட விடாது, கொல்லையில அரளி மரத்தடியும் கூட்டும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எலை விழுந்தா ஒண்ணு விடாம முந்தானையில அள்ளிட்டுப் போயி மேட்டுல போட்டு எரிக்கும். ஈரமா இருந்தா குழி தோண்டிப் பொதைக்கும். நான் ஒரு நா கிண்டல் பண்ணேன்.

"ஏம்மா, மரத்தடிய இப்புடிக் கூட்டுறியே, கலெக்டரா வரப்போறாரு?"

அம்மா நிமிந்துகூடப் பாக்கல. "செவலை வருவா"ன்னிச்சு.

நான் சிரிச்சேன். மாட்டுக்கு இவ்வளவு மரியாதையான்னு. பெரியம்மாகிட்டகூடச் சொல்லிச் சிரிச்சேன். பெரியம்மான்னா அப்பாவோட அண்ணன் சம்சாரம், பக்கத்து வீடு.

அம்மா விழுந்தது எங்க நடவன்னைக்கு. பொரட்டாசி கடைசி. எங்களுக்கு நாலு மா நெலம், ஒண்ணேகால் ஏக்கருக்குக் கிட்ட, அதுல பாதி நட்டாச்சு. மத்தியானம் கஞ்சி குடிச்சிட்டு எறங்கினவங்க, அஞ்சாறு பேரு வரிசையா குனிஞ்சு நட்டுக்கிட்டிருந்தோம். அம்மா எனக்கு ரெண்டு ஆள் தள்ளி. பேசிக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் சேத்துல ஒரு சத்தம். நாத்து முடிச்ச யாரோ தூக்கிப் போட்டாங்கன்னுதான் நெனச்சேன். திரும்பிப் பாத்தா அம்மா முகம் சேத்துல கெடக்கு. கையில நாத்து அப்புடியே இருக்கு. தலையில ரத்தக் கொழா வெடிச்சிருச்சின்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மூணு நாள் மெஷின்ல வச்சிருந்தாங்க. நாலாம் நாள் வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்.

மீதி ரெண்டு மாவ ஊர்க்காரங்களே நட்டுக் குடுத்தாங்க. அம்மா நட்டது எது, அவங்க நட்டது எதுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியும். அம்மா நட்ட குத்து கொஞ்சம் நெருக்கமா இருக்கும்.

கருமாதி முடிஞ்ச மறுநாள் அப்பா என்கிட்டப் பேச்ச எடுத்தாரு. அப்பா டிராக்டர் ஓட்டப் போறவரு, காலையில போனா இருட்டுறப்பதான் வருவாரு. வயலும் மாடும் அம்மா கையிலதான் இருந்துச்சு.

"மாட்டக் குடுத்துடலாம் ஆயி. நெலத்தையும் அறுப்புக்கப்பறம் யாருகிட்டயாவது விட்ருவோம்."

"நான் பாத்துக்கிறேம்ப்பா."

"நீயா?"

பெரியம்மா அங்கதான் உக்காந்திருந்துச்சு. "ஒரு கொடம் தண்ணி தூக்கறதுக்கே மூச்சு வாங்குது இவளுக்கு. இவ மாடு பாத்து, மருந்தடிச்சு, வெள்ளாம பாக்கப் போறா! போயி அந்த போனப் பாரு, அதான் நல்லா பாப்ப."

எனக்கு அழுகையா வந்துச்சு. கோவமாவும் வந்துச்சு. ஒம்பதாவதோட பள்ளிக்கூடத்த விட்டவ நான். எனக்குன்னு ஒண்ணும் கெடையாது. அம்மா பின்னாடியே சுத்திக்கிட்டிருந்தேன், அம்மா சொன்னதச் செஞ்சேன், அவ்வளவுதான். இப்ப மாடும் போயி வயலும் போயிட்டா அம்மா இருந்துச்சுங்கிறதுக்கு என்னா இருக்கு? போட்டோ ஒண்ணு. அதுவும் ரேஷன் கார்டுக்கு எடுத்தது.

"செவலை தையில கன்னு போடும்ப்பா. அதுவரைக்கும் விட்டுப் பாருங்க. என்னால முடியலன்னா அப்ப குடுத்துருங்க."

அப்பா துண்ட உதறித் தோள்ல போட்டாரு. "சரி, தை வரைக்கும் பாப்போம்"னாரு.

செவலை என்கிட்ட மொதல்ல வரவே இல்ல. தீனி வச்சா மோந்துட்டு நிக்கும். வழியவே பாக்கும். எங்கூருல பொம்பளைங்க வயலுக்குப் போறப்ப சேலைக்கு மேல ஆம்பள சட்டை ஒண்ணப் போட்டுக்குவாங்க. அம்மா போடுறது அப்பாவோட பழைய நீலச் சட்டை. அது துவைக்காம கொட்டாய்ல ஆணியில தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஒரு நா அத எடுத்துப் போட்டுக்கிட்டுக் கிட்டப் போனேன். செவலை மூஞ்சிய என் தோள்பட்டையில வச்சு மூச்ச இழுத்துச்சு. ரொம்ப நேரம். நானும் அசையாம நின்னேன். அப்பறம் தவிட்டுத் தண்ணி குடிச்சிச்சு. அன்னையிலேருந்து தெனமும் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் தீனி வச்சேன். ஏமாத்துறோம்னு தோணுச்சு. அதுவும் தெரிஞ்சேதான் ஏமாந்துச்சோ என்னமோ.

கார்த்திகையில பயிர்ல சுருட்டுப் புழு வந்துட்டுது. எலைய நீளவாக்குல மடிச்சிக்கிட்டு உள்ள இருந்து பச்சையத் தின்னுரும், வயலே வெளுத்துப் போகும். பக்கத்து வயக்காரங்க கடை மருந்து அடிச்சாங்க. அம்மா எப்பவும் கடை மருந்து அடிக்காது. தழை ஊற வச்சு அடிக்கும். அஞ்சு தழை, நல்லா இடிச்சு, செவலையோட மூத்தரத்துல மூணு நாள் ஊறணும். வடிகட்டித் தண்ணியில கலந்து அடிச்சா அந்த நாத்தத்துக்கே பூச்சி ஓடிரும். எந்தத் தழைன்னு கேட்டா ஒரே ஒரு பாடம்தான் சொல்லும்.

"ஆடு மாடு திங்காத தழையா பாத்து எடு. அது வாய் வைக்காததுல பூச்சியும் வாய் வைக்காது."

"வேம்ப ஆடு நல்லாத் திங்குதேம்மா?"

"வேம்பு ஆத்தாளோடது. அது இந்தக் கணக்குல வராது, நீ இடி."

நான் இடிக்கிற ஆளு. ஒரல்ல போட்டு இடிக்கிறது, அதான் என் வேலை. தழை ஒடிச்சிட்டு வர்றதும் அம்மா, உருவிட்ட குச்சியக் கொண்டு போயி ஒழிக்கிறதும் அம்மா. இடிச்சிட்டுக் கை வலிக்குதுன்னு நான் போயிப் படுத்துக்குவேன். மிச்சத்த என்னா பண்ணுதுன்னு ஒரு நா திரும்பிப் பாத்ததில்ல.

நாலு தழை கெடைச்சிட்டுது. வேம்பு, நொச்சி, எருக்கு, ஆடாதொடை. அஞ்சாவது, வாய்க்காக்கரையில மண்டிக் கெடக்குற காட்டாமணக்கு. போய்ப் பாத்தா ஒண்ணுகூட இல்ல. தூர் வாருன மெஷின் கரைய மொட்டையா வழிச்சிட்டுப் போயிருக்கு. நான் கரையில நின்னு யோசிச்சேன். ஆடு மாடு திங்காதது. அஞ்சாவது ஒண்ணு. திரும்புனா எதிர்லயே அரளி நிக்குது.

நான் ஒண்ணும் கண்ண மூடிட்டுச் செய்யல. ஒரு கொத்து ஒடிச்சி செவலை மூஞ்சிக்கு நேரா நீட்டிப் பாத்தேன். மோந்துச்சு, 'புஸ்'ஸுன்னு ஊதிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா பாடத்த வச்சு நானே ஒரு தழை கண்டுபுடிச்சிட்டேன். பெரிய கெளையா ஒண்ணு வெட்டினேன். தேவையானத உருவிக்கிட்டு, மீதிய எலையும் குச்சியுமா கொட்டாய் ஓரமாப் போட்டேன். அதான் திங்காதே, எங்க கெடந்தா என்னா.

மூணு நாள் அது அங்கயேதான் கெடந்துச்சு. செவலை திரும்பிக்கூடப் பாக்கல. மூணு நாளும் மழை இல்லாம சுள்ளுன்னு வெயில். கார்த்திகையில அப்புடி வெயிலடிச்சா எல்லாருக்கும் சந்தோஷம்தான். எனக்கும்தான்.

நாலாம் நாள் விடிஞ்சதும் மருந்த வடிகட்டி டேங்க்க முதுகுல மாட்டிக்கிட்டுப் போயிட்டேன். ரெண்டு டேங்க் அடிச்சிட்டு வந்து வைக்கோல் போடலாம்னு நெனச்சேன். அடிக்க அடிக்க ஆசை வந்துட்டுது. நாலு மாவையும் ஒரே மூச்சுல முடிச்சிட்டுத்தான் வரணும்னு ஒரு வீம்பு. பெரியம்மா வரப்புல போகையில, "பரவால்லடி, உங்கம்மா மாரியே குனியிற"ன்னிச்சு. அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் ரெண்டு டேங்க் அடிச்சேன். வீட்டுக்கு வர்றப்ப உச்சி வெயில் சாஞ்சிருச்சு. செவலை காலையிலேருந்து வெறும் வயித்தோட நிக்குது. சினை மாடு.

கொட்டாய் ஓரம் பாத்தேன். குச்சி மட்டும் கெடக்கு. எலை இல்ல.

தின்னுருக்குமோன்னு தோணுச்சு. ஆனா நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். அது அரளி திங்காது, என் கண்ணால பாத்தேன்ல. காத்துல பறந்திருக்கும். கோழி கிளறியிருக்கும். குச்சிய எடுத்துப் பாத்தா நுனியெல்லாம் மென்ன மாதிரி நார் நாரா இருக்கு. அத வாய்க்கால்ல வீசிட்டேன். ஏன் வீசினேன்னு இப்ப வரைக்கும் எனக்கு வெளங்கல. யாரும் பாக்கக்கூடாதுன்னுதான். வேற என்னா.

சாயங்காலம் தவிட்டுத் தண்ணி குடிக்கல. நீலச் சட்டையப் போட்டுக்கிட்டு நின்னு பாத்தேன். மூஞ்சியக் கிட்டக் கொண்டாரல. மறுநாள் காலையில வாயில எச்சி ஒழுகுது, சாணி தண்ணியாப் போகுது, அதுல லேசா ரத்தம். காதத் தொட்டா சில்லுன்னு இருக்கு. அப்பா வேலைக்குப் போகாம மாட்டு டாக்டருக்குப் போன் பண்ணாரு. அவரு பைக்ல வந்தாரு. கொழாய வச்சுக் கேட்டாரு, ஒரு எடத்துல வச்சாரு, எடுத்தாரு, திரும்ப வச்சாரு.

"துடிப்பு ஒரு ஒழுங்கா இல்லையே. புதுசா ஏதாவது தின்னுச்சாம்மா?"

அப்பா என்னப் பாத்தாரு. கோவமால்லாம் பாக்கல, சும்மா பாத்தாரு. எனக்கு 'தை வரைக்கும் பாப்போம்'தான் காதுல கேக்குது. இப்ப சொன்னா மாடு போயிரும், வயல் போயிரும், 'நீயா'ன்னு கேட்டாருல்ல, அது நெசமாயிரும்.

"வைக்கோலும் தவிடும்தான் சார்"னேன்.

"மருந்தடிச்ச வரப்புல மேஞ்சுதா?"

"இல்ல சார். கட்டித்தான் கெடந்துச்சு."

"கொல்லையில வேற எதுவும்?"

"இல்ல சார்."

செரிமானக் கோளாறா இருக்கும்னு ஊசி போட்டாரு. சாயங்காலம் திரும்ப வந்து பாக்குறேன்னு போயிட்டாரு. மத்தியானம் செவலை படுத்துருச்சு. சினை மாடு ஒருக்களிச்சுப் படுத்தா நல்லால்ல. எழுப்பி விடலாம்னு அப்பாவும் நானும் முட்டுக் குடுத்தோம். முன்னங்கால் நடுங்குது, நிக்கல. பெரியம்மா எட்டிப் பாக்க வந்துச்சு. கொட்டாயச் சுத்தி வந்துச்சு. குனிஞ்சு ஒரு எலைய எடுத்துச்சு. சுருண்டு போன அரளி எலை, ஒண்ணே ஒண்ணு.

"ஏண்டி, அரளிய வெட்டினியா?"

நான் செவலை தலையத் தடவிக்கிட்டே இருந்தேன்.

"வெட்டி இங்கயா போட்ட? அடிப்பாவி, வாடுனா அந்தக் கசப்பு நாத்தம் போயிரும்டி. மாடு தெரியாமத் தின்னுரும். உங்கம்மா ஒரு எலை கெடக்க விட்டிருக்காளா? தெனம் ரெண்டு வேளை கூட்டினாளே, நீதான சொல்லிச் சொல்லிச் சிரிச்ச?"

செவலை வருவா.

அப்பதான் எனக்குக் கேட்டுச்சு. அம்மா தமாஷ் பண்ணல. அம்மா எனக்குச் சொன்னிச்சு. அதோட வழக்கப்படி குனிஞ்சுக்கிட்டே ரெண்டே வார்த்தையில சொன்னிச்சு. நான் கலெக்டர் ஜோக்கு அடிச்சிக்கிட்டு நின்னேன்.

அப்பா கால்லயே விழுந்துட்டேன். அரளிய வெட்டிப் போட்டது, குச்சிய வீசினது, டாக்டர்கிட்டப் பொய் சொன்னது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பா போன எடுத்து டாக்டருக்கு அடிச்சாரு. "அரளி தின்னுருக்கு சார்"னாரு. அவ்வளவுதான்.

டாக்டர் வந்தாரு. கரியக் கரைச்சு வாயில ஊத்துனாங்க, பாட்டில் ஏத்துனாங்க. நான் தலைய மடியில வச்சிருந்தேன். பொழுது சாயறப்ப ஒரு தடவை கழுத்த நீட்டுச்சு. அம்மா அந்நேரத்துக்குத்தான் வயல்லேருந்து வரும். "வாடி எங்காத்தா"ன்னு சொல்லிப் பாத்தேன். காத ஆட்டுச்சு. எனக்கு எப்பவும் ஆட்டுற மாதிரி. அப்பறம் ஆட்டல. வயித்துல கை வச்சா கன்னு மட்டும் இன்னும் அசையுது. கொஞ்ச நேரந்தான். அதுவும் நின்னு போச்சு.

டாக்டர் பைக்க எடுக்கப் போனாரு. நான் பின்னாடியே ஓடினேன்.

"சார், காலையிலயே சொல்லியிருந்தா?"

அவரு சாவியப் போட்டுக்கிட்டே என்னப் பாக்காம சொன்னாரு. "காலையில சொல்லியிருந்தாலும் பெருசா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. போய் மூஞ்சியக் கழுவு."

அது நெசமா, எனக்காகச் சொன்னாரான்னு தெரியல. கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். அவரு ஆஸ்பத்திரி பஸ்ஸுல போனா பத்து நிமிஷம்தான். நான் போகல.

மறுநாள் ஜேசிபி வந்துச்சு. எங்க திடல்ல குழி தோண்டத் தோண்ட தண்ணி ஊறுது. "இந்த மாசத்துல நம்மூர்ல எங்க தோண்டினாலும் கெணறுதாங்க"ன்னு டிரைவர் அலுத்துக்கிட்டாரு. பெரியம்மா செவலைக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு பொட்டு வச்சிச்சு. அம்மாவோட சேலை ஒண்ணப் போத்தலாமான்னு கேட்டுச்சு. நான் நீலச் சட்டையக் கழட்டிக் குடுத்தேன். அது அம்மாவுதுதான், செவலையோடயே போகட்டும். இப்ப அம்மா வாசம் எங்க வீட்டுல எதுலயும் இல்ல. சேலையெல்லாம் துவைச்சு மடிச்சு பீரோவுல இருக்கு, சோப்பு வாசம்தான் வருது.

பயிரு நல்லா வந்துட்டுது. அதச் சொல்லாம விட முடியல. நான் ஊற வச்ச மருந்து கேட்டுச்சு, புழு போயிட்டுது. தையில மெஷின் எறங்கி அறுத்துச்சு. அம்மா இருந்தப்பகூட இந்த அளவு வந்ததில்லன்னு ஊர்ல பேசுனாங்க. என்னப் பாத்து, "உங்கம்மா கை உனக்கு வந்துருச்சும்மா"ன்னாங்க. அந்த மருந்துல பாதி செவலை மூத்தரம், மீதி அதக் கொன்ன எலை.

வைக்கோல் வயல்ல வரிசை வரிசையாக் கெடந்துச்சு. எப்பவும் தலைச்சுமையாக் கொண்டாந்து போர் போடுவோம், அம்மா மேல நின்னு மிதிக்கும். இந்தத் தடவை கட்டுற மெஷின்காரங்களக் கூப்புட்டு உருண்டை உருண்டையாக் கட்டி லாரியில ஏத்தி அனுப்பிட்டாரு அப்பா. யாரு மாடோ திங்கும். நெலத்தையும் அடுத்த போகத்துக்குக் குத்தகைக்குப் பேசிட்டாரு. என்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தாலும் எந்த வாயால வேண்டாங்குறது.

ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா அருவாளோட கொல்லைக்குப் போனாரு. நான் பின்னாடியே போனேன். அரளிகிட்ட நின்னு எங்க வெட்டலாம்னு பாக்குறாரு.

"வேண்டாம்ப்பா."

"இது இருந்து என்னாத்துக்கு?"

"நிக்கிற வரைக்கும் அத எதுவும் திங்காதுப்பா. வெட்டினாதான் வாடும். அவ்வளவு எலையையும் எங்கப்பா போடுறது? பெரியம்மா வீட்டு ஆடு வரும்."

அப்பா அருவாளக் கீழ எறக்கினாரு. செவலை செத்த நாள்லேருந்து அதப் பத்தி அவரு ஒரு வார்த்தை பேசினதில்ல. திட்டல. அடிக்கல. அடிச்சிருந்தா கொஞ்சம் தேவலயா இருந்திருக்கும். அருவாள கொட்டாய் எறவானத்துல சொருகிட்டு, போறப்ப சொன்னாரு.

"அப்ப நீ கூட்டு ஆயி."

கூட்டுறேன். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அம்மாவோட வெளக்கமாறு தேஞ்சு குட்டையாயிட்டுது, ரொம்பக் குனியணும். ஒரு எலை விடாம அள்ளி மேட்டுல போட்டு எரிக்கிறேன். கொட்டாய் காலியா இருக்கு, கட்டுத்தறி மட்டும் நிக்குது, அதுல கவுறு தேஞ்ச தடம் பளபளன்னு இருக்கு. கூட்டி முடிச்சு நிமிந்தா முதல்ல கண்ணுல படுறது அதுதான். அதனால இப்பல்லாம் நிமிராம அப்புடியே உள்ள வந்துடுறேன்.